கறுப்புப் பட்டை விழுந்த கல்யாணப் பத்திரிகை

எனக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. இன்றைக்கும் வராது. பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட நிறுத்தத்துக்கும் டீக்கடைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவள் போய் அச்சுக் கோக்கும் வேலையில் சேர்ந்ததை என் அக்கா நெடுநாள் நம்பவில்லை.

"நாத்து நடச் சொன்னாலே ஒரு முடி நட்டுட்டுக் கரையேறிடுவ. நீயா நாளெல்லாம் நின்னு எழுத்துப் பொறுக்கப் போற?" என்றாள்.

அச்சகம் பாபநாசத்தில், கும்பகோணம் போகிற சாலையில், ஓர் உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது. முதலாளி பாய், சிங்கப்பூரில் இருந்த தம்பியின் தயவில் காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கிழக்குப் பக்கம் கூலி கேட்டவர்களின் குடிசைகளைக் கொளுத்திய சூடும் ஆறவில்லை. கட்சிக் கூட்டம், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கூலிப் போராட்டம், அதை எதிர்த்து மிராசுதார்களின் கூட்டம் என்று யார் எதை நடத்தினாலும் நோட்டீஸ் எங்களிடம்தான் வரும். பெரிய எழுத்து ஒரே ஒரு செட்தான் இருந்தது. காலையில் சங்கத்துக்காகக் கோத்த எழுத்துகளையே பிரித்துப் போட்டு மாலையில் மிராசுதார்களுக்காகக் கோப்போம். இரண்டு தரப்பு ஆட்களும் வாசலில் மாறிமாறி நின்று "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று எங்கள் உயிரை வாங்குவார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். அவள் அச்சுக் கோப்பாள், அவர் மெஷின் ஓட்டுவார். அண்ணி, அண்ணன் என்று கூப்பிட்டேன். இருவருக்கும் வீட்டில் என்ன சண்டையோ தெரியாது, அச்சகத்தில் ஒரே சண்டைதான். எழுத்து சரியாக விழவில்லையென்றால் கோத்தவள் மேல் தப்பா, ஓட்டியவர் மேல் தப்பா? இதற்கு அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து தீர்ப்புக் கிடைக்கவில்லை.

அண்ணி முதல் நாளே என் கையில் ஓர் இரும்புச் சட்டத்தைக் கொடுத்தாள். ஸ்டிக் என்பார்கள். இடக்கையில் அதைப் பிடித்துக்கொண்டு, பெட்டி அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை வலக்கையால் எடுத்துத் தலைகீழாக அடுக்க வேண்டும். கொம்பு ஓர் அறை, கால் ஓர் அறை. ஒரு 'கொ' கோக்க மூன்று இடத்துக்குக் கை போய் வர வேண்டும். என் கை பரவாயில்லை, ஓடும். கால்தான் நிற்காது. அண்ணி என் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

சொற்களுக்கு நடுவிலும் வரிகளுக்கு நடுவிலும் எழுத்தில்லாத ஈயத் துண்டுகளைச் செருகுவோம். வெற்றுக் கட்டை என்று பெயர். எழுத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும், அதனால் அதன் தலையில் மை படாது. காகிதத்தில் நாம் வெள்ளையாகப் பார்க்கிற இடத்துக்கெல்லாம் கீழே இந்தக் கட்டைகள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் நிஜமாகவே அசந்து போனேன். அதுவரை வெள்ளை இடம் என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"கட்டைய விரலால அழுத்திப் பாரு. துளி அசைஞ்சாலும் எடுத்துட்டு மறுபடி போடு" என்பாள் அண்ணி.

"அவ பொழுதெல்லாம் அழுத்திக்கிட்டே நிப்பா. நான் சுத்தி ஆப்பு வச்சு இறுக்கினா எல்லாம் கம்முனு ஒக்காந்துக்கும். நீ போம்மா" என்பார் அண்ணன்.

எனக்கு எந்தப் பாடம் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா, அக்கா, நான். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே போய்விட்டாள். எங்கள் தெரு முழுக்கப் பண்ணையார் நிலத்தில் இருந்தது. குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டது, மேடைக்கு மேடை சொன்னார்கள், கையில் பட்டா மட்டும் வரவில்லை. அப்பா பண்ணையில் கூலி வேலை செய்தார். அதே பண்ணையில் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கும் வைத்திருந்தார். குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது. பண்ணையின் காரியக்காரர் வாயால் "பண்ணிக்க" என்றால் உண்டு, "விட்டுடு" என்றால் இல்லை. அந்த வாய்க்குப் பயந்தே அப்பா பாதி முதுகு வளைந்துவிட்டார். காரியக்காரர் குடையோடு வரப்பில் தெரிந்தாலே துண்டு கக்கத்துக்குப் போய்விடும். அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். கேட்டால், "அந்தத் துண்டு நெலத்துலதான் நீ படிச்ச" என்பார். வாயை மூடிக்கொள்வேன்.

உண்மையில் நான் படித்தது அக்காவின் நடவுக் கூலியில். எனக்காக அவள் பத்து வயதிலேயே சேற்றில் இறங்கியவள். அவளுக்கு இரண்டு முறை மாப்பிள்ளை பார்த்து இரண்டு முறையும் தட்டிப்போனது. மூன்றாவதாக முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை சங்கத்துக்காரர். வந்து பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, அக்காவைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அக்கா சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

எங்கள் தெருவில் அதுவரை யாரும் பத்திரிகை அடித்ததில்லை. வெற்றிலை பாக்கோடு போய்ப் பண்ணை வீட்டு வாசலில் நின்று கேட்பார்கள். உள்ளேயிருந்து வேட்டியும் புடவையும் கொஞ்சம் நெல்லும் வரும். அறுப்புக்கும் நடவுக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு தேதியும் வரும். அச்சகத்தில் வேலை செய்யும் பெண் வீட்டிலேயே இருக்கும்போது பத்திரிகை இல்லாமல் கல்யாணமா? அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அச்சுக் கூலி கிடையாது என்ற வழக்கமும் இருந்தது. மஞ்சள் அட்டையை நானே தேர்ந்தெடுத்தேன்.

ஐயர் இல்லாத கல்யாணத்துக்கு அப்போதெல்லாம் ஒரு தலைவர் வேண்டும். அவர்தான் மாலை எடுத்துக் கொடுப்பார், வாழ்த்திப் பேசுவார். பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மேலே 'தலைமை' என்று அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவோம். அதற்குக் கீழே 'முன்னிலை: ஊர்ப் பெரியோர்கள்'.

"பண்ணை ஐயா பேரப் போடு" என்றார் அப்பா. "அவரு வரப் போறதில்ல. பேரு இருந்தாப் போதும். நமக்கு நெலமும் வேணும், இருக்க எடமும் வேணும்."

முத்துப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். அவர் சங்கத்தில் முக்கியமான ஆள். "எங்க சங்கத் தலைவர்தான் தலைமை. பண்ணை பேரு இருந்துச்சுன்னா நாங்க பஸ் ஏற மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

அப்பா அவர் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அந்த வரியே வேணாம். எடுத்துடு."

தாய்மாமன் கொஞ்சம் யோசித்து, சரி என்றார். அப்பாவும் சரி என்றார். இத்தனை சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

பத்திரிகையை நான் முன்பே கோத்து முடித்திருந்தேன், தலைமைக்குப் பண்ணை ஐயா பெயரை வைத்திருந்தேன், அப்பா பிடுங்கல் தாங்காமல். இப்போது அந்த வரியை எடுத்துவிட்டு மற்ற வரிகளையெல்லாம் நகர்த்திச் சீர்படுத்த வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? வரியைப் பிடுங்கினேன், கைக்குக் கிடைத்த வெற்றுக் கட்டைகளை அந்தக் குழியில் போட்டேன், லேசாக அழுத்திப் பார்த்தேன். அசைந்ததா என்று கேட்டால் அசைந்தது. அண்ணன்தான் ஆப்பு வைப்பாரே என்று அவரிடம் தள்ளிவிட்டு, பந்தல்காரனைப் பார்க்க ஓடினேன்.

நான் திரும்பியபோது பத்திரிகைகள் அடித்துக் காய்ந்து கட்டாகியிருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் பெயர் பளிச்சென்று சிவப்பில் விழுந்திருந்தது. அந்தப் பெயரை நானே கோத்தேன் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வந்து பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். மேல் பாதி உறவுக்காரர்களுக்கு. கீழ்ப் பாதியில் கொஞ்சம் பண்ணைக்கும் ஊருக்கும், மிச்சம் முத்துப்பேட்டைக்கு.

இரண்டாம் நாள் காரியக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். ஆட்சி மாறியதிலிருந்து அவர் அப்பாவை 'ஏம்ப்பா' என்று கூப்பிடப் பழகியிருந்தார். அன்றைக்குப் பழையபடி ஆரம்பித்தார்.

"டேய், இதுல யாரு பேர அடிச்சீங்க?"

அவர் நீட்டிய பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். முன்னிலைக்கு மேலே, தலைமை இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பென்றே சொல்லும்படி கறுஞ்சிவப்பாக ஒரு தடித்த பட்டை. பெயரை எழுதிவிட்டு மை போட்டு மறைத்த மாதிரியே இருந்தது. மெஷின் அதிர அதிர, சரியாக இறுகாத கட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி மை வாங்கியிருக்கின்றன. முதலில் அடித்து, கட்டின் மேலே இருந்தவற்றில் ஒன்றுமில்லை. போகப் போகப் பட்டை கறுத்திருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்த அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அவருக்கு அதுவும் ஓர் எழுத்துதான்.

நான் விளக்கினேன். கட்டை, மெஷின், அதிர்வு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓஹோ. ஈயம் தானா எந்திரிச்சு, ஐயா பேரு இருக்க வேண்டிய எடமாப் பாத்து வந்து ஒக்காந்துகிச்சா?" என்றார் காரியக்காரர். "மொதல்ல ஐயா பேரு போட்டிருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நான் வருவேன். எல்லாரும் இருக்கும்போது உங்கப்பன் பதில் சொல்லட்டும். அப்புறம் பாத்துக்கலாம், நெலத்தையும் வீட்டையும்."

அச்சகத்துக்கு ஓடினேன். அண்ணன், "புது டிசைனாக்கும்னு நெனச்சேன். கட்சி நோட்டீஸ்ல எல்லாம் கட்டம் கட்டிப் போடறாங்கல்ல" என்றார். "கண்ணு எங்க போச்சு?" என்று அண்ணி அவர் மேல் பாய்ந்தாள். "இறுக்கினது ஒழுங்கா இறுக்கலையா?" என்றாள். "கோத்தது ஒழுங்காக் கோத்தாத்தானே" என்றார் அவர். அவர்களுடைய அந்தப் பழைய வழக்கில் அன்றையிலிருந்து இன்றுவரை நான் மூன்றாவது கட்சி. ஆப்பு சரியாக இறுகியிருந்தால் கட்டை எழும்பியிருக்காது என்பது என் வாதம். விடமாட்டேன்.

வேறு அடித்துத் தருகிறேன் என்றார் பாய். அண்ணி தடுத்தாள். "இப்ப வேற அடிச்சா, இருந்த பேர மறைக்கத்தான் அடிச்சாங்கன்னு சொல்லுவாங்க மொதலாளி." அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது.

மறுநாள் காலையில் ஒரு வெற்றுக் கட்டையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் பேருந்து ஏறினேன். தஞ்சாவூரில் மாறி, மன்னார்குடியில் மாறி. வழியெல்லாம் சம்பா கதிர் வாங்கி நின்றது. எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. இருக்கையில் இருக்க முடியாமல் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடத்துநர் "எடம் இருக்கே, ஒக்காரும்மா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

தாய்மாமன் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தானா எழும்புச்சாக்கும்?"

"ஆமா மாமா. மெஷின் ஆட ஆட எழும்பிடும்."

"இங்க பாரும்மா. எங்களுக்குத் தெரியாம இல்ல. எங்க தலைவர் பேரப் போட்டிருக்கீங்க. காரியக்காரன் வந்து மெரட்டியிருக்கான். மை பூசிட்டீங்க."

"தலைமையே வேணாம்னுதானே பேசினோம்?"

"பேசினோம். அப்புறம் எதுக்கு அங்க ஒரு பேரு வந்துச்சு? எதுக்கு அடிச்சீங்க?" கட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். "வர்றோம். பந்தல்ல வச்சுக் கேப்போம். பதில் சரியில்லன்னா மாப்ளையக் கூட்டிக்கிட்டு வந்த பஸ்லயே திரும்பிடுவோம்."

மாப்பிள்ளை ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மாமன் முன்னால் அவருக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இதுவும் போச்சா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள், அதுவும் கல்யாண அரிசி. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அப்பா, அங்க யாரு பேரும் இல்ல. வெறும் ஈயம். அவங்க கேட்டா அதைத்தான் சொல்லணும்." அப்பா தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். கும்பகோணத்திலிருந்து வாடகைக்கு எடுத்த இரும்பு நாற்காலிகள். நடுவில் மணமக்களுக்கு இரண்டு, அதன் பக்கத்தில் தலைவர் உட்காருவதற்கு என்று ஒன்று. அது யாரும் உட்காராமல் கிடந்தது. முத்துப்பேட்டைக்காரர்கள் ஒரு பக்கமாக மொத்தமாக நின்றார்கள். மாப்பிள்ளையை இன்னும் நாற்காலியில் உட்கார விடவில்லை. காரியக்காரர் குடையோடும் தலையாரியோடும் வந்து பந்தல் காலோரம் நின்றார். நாற்காலி போட்டோம். எங்கள் பந்தலில் அவர் உட்கார மாட்டார். அது அவருடைய வழக்கம்.

பாயும் அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், நான் எங்கேயாவது ஓடிவிடுவேன் என்பது போல.

"சம்பந்தி, ஒரு வார்த்தை" என்றார் தாய்மாமன். பத்திரிகையை எடுத்து நீட்டினார். "இந்த எடத்துல யாரு பேரு இருந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்" என்றார் காரியக்காரர்.

நான் "அங்க பேரே..." என்று ஆரம்பித்தேன். அண்ணி என் கையை நெரித்தாள்.

அப்பா கக்கத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எம் பேருதான்" என்றார்.

"என்னது?" என்றார் காரியக்காரர்.

"எம் பேருதாங்க. எம் பொண்ணு கல்யாணம். நானே தலைமைன்னு போடச் சொன்னேன், சின்னவகிட்ட. அச்சாகி வந்தப்புறம் பயமாப் போச்சு. நாம யாரு, நமக்கு என்ன தலைமைன்னு. அதான் அடிச்சுட்டேன்."

அப்பா பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரால் ஒரு கோழி முட்டையைப் பற்றிக்கூடப் பொய் சொல்ல முடியாது. ஆனால் குரல் உடையவில்லை. கண் தரையைப் பார்க்கவில்லை. காரியக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்வார்? ஒருத்தன் தன் பெயரைத் தானே அடித்துக்கொண்டால் அது யாருக்கு அவமானம்?

தாய்மாமன் பத்திரிகையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அடிச்சது தப்பு சம்பந்தி" என்றார். "பெரிய தப்பு. வந்து ஒக்காருங்க."

அப்பா தயங்கினார். தாய்மாமன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அப்பா உட்கார்ந்தார். காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை பீறிட்டது. கூடவே, இத்தனை வருஷம் இந்த மனுஷனை நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மாலையை அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கான மாலையை அக்கா கையிலும் அக்காவுக்கான மாலையை மாப்பிள்ளை கையிலும் சரியாகத்தான் கொடுத்தார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். தலைமை உரை ஆற்றச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அப்பா எழுந்தார். கும்பிட்டார். "எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். காரியக்காரர் சாப்பிடாமல் போனார்.

அடுத்த குறுவைக்குக் குத்தகை நிலத்தில் வேறு ஆள் ஏர் பூட்டினான். காரியக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நேராக உழவை இறக்கிவிட்டார். வீட்டு மனையைத் தொட முடியவில்லை, அதற்குள் பட்டா வந்துவிட்டது. நிலத்துக்காக நான் தாலுகா அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் அலையாய் அலைந்தேன். எழுத்து எங்கே என்றார்கள். எழுத்து இருந்தால் நான் ஏன் அவர்களிடம் போகிறேன்?

அப்படி அலைந்துவிட்டு வந்த ஒரு நாள், அப்பா அந்த வயலின் வரப்பில் நின்று அடுத்தவன் பரம்படித்துச் சேற்றைச் சமன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை.

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன? அங்க பேரே இல்லன்னு நான் எத்தனை தடவ சொன்னேன். வெறும் ஈயம்னு சொல்லியிருந்தா இந்த நெலமாவது மிஞ்சியிருக்கும்ல?"

"தெரியும்மா. நீ சொன்னது புரிஞ்சுது" என்றார் அப்பா. "ஆனா அத்தன பேரும் வந்து, அங்க ஒரு பேரு இருந்துச்சு, இருந்துச்சுன்னு அடிச்சுச் சொன்னாங்க. நானும் ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். எம் பொண்ணு கல்யாணத்துல, அந்த எடத்துல, வேற யாரு பேரு இருந்திருக்கும்?"